ராமுத்தாய் தேடிப்போன வாசல்

எந்த வாசலுக்குள் நுழைவதானாலும் மாடத்தி முதலில் நிற்பாள். செருப்பை உதறிவிட்டுக் குனிந்து வலது உள்ளங்கையைத் தரையில் பதிப்பாள். தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற பாவனை எதுவும் அதில் கிடையாது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் கை மண்ணிலேயே கிடக்கும். பிறகு சேலையில் துடைத்துக்கொண்டு நிமிர்வாள். உள்ளே இருக்கும் ஆட்களைப் பார்க்க மாட்டாள், எதிர்ச்சுவரைப் பார்ப்பாள். அங்கே இன்னொரு வாசல் இருந்தால் உள்ளே போவாள். இல்லாவிட்டால் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். ரேசன் கடையிலும் அப்படித்தான், பேங்கிலும் அப்படித்தான். மகன் செல்வக்குமாருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், சம்பந்தி வீட்டார் எவ்வளவோ கூப்பிட்டும் வாசலைவிட்டு நகரவில்லை. "பொண்ணப் பிடிக்கலையோ" என்று அவர்களுக்குள் குசுகுசுப்பு வந்தது. "பொண்ணு நல்லாத்தான் இருக்கு. வீடுதான் பொறி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

பழக்கத்தின் முதல் பாதி கம்பெனியில் வந்தது. பட்டாசு ரூமுக்குள் போகிறவர்கள் உடம்பில் ஏறியிருக்கும் கரண்டைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் மருந்தைத் தொட வேண்டும். கொண்டை ஊசி கூடாது, வளையல் கூடாது, நைலக்ஸ் சேலை கூடாது. தாயில்பட்டி பக்கத்துக் கம்பெனிகளில் முப்பது வருசத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்த உடம்பு அவளுடையது. இரண்டாம் பாதி அவளுடைய அக்காள் ராமுத்தாயிடமிருந்து வந்தது. ராமுத்தாய் மறுவாசலைத் தேடிப் போனவள். திரும்பி வரவில்லை.

மாடத்தியை நல்லவள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. குழாயடியில் அவளிடம் வாய் கொடுத்தவர்கள் குடம் நிறையுமுன்னே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மருமகள் இசைவாணி ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்திருந்தாள். கம்பெனியில் போர்மேன் ஒருத்தன், கூட்டமாக உட்கார்ந்து வேலை பார்த்த பெண்களுக்கு நடுவில் மருந்துத் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டவள். மறுநாள் அவளுக்குத்தான் வேலை இல்லை. அதன்பிறகு அந்தப் பெண்களே அவளைப் பார்த்தால் பஸ்ஸில் வேறு சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார்கள். எல்லோர் மேலும் அவளுக்கு ஒரு கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரே ஒரு சொல் கிடந்தது. பாய்ந்தாள் என்கிற சொல்.

நாற்பத்தைந்து வருசத்துக்கு முந்திய கதை. ஊருக்குக் கிழக்கே செவல் பொட்டலில், மேலத்தெருப் பெத்தணன் வீட்டு இடத்தில், சிவகாசிக்காரர் ஒருவர் குத்தகைக்கு ஒரு பட்டாசு ரூம் போட்டிருந்தார். முன்பக்கம் ஒரு வாசல், பின்பக்கம் ஒரு வாசல். பின்வாசலுக்கு அந்தப் பக்கம் பெத்தணன் வீட்டுக் களம். அங்கே கீழத்தெருப் பிள்ளைகள் கால் வைக்க முடியாது. ராமுத்தாயும் இன்னும் இரண்டு பெண்களும் அந்த ரூமில் ஓலைவெடி கட்டினார்கள். மத்தியானம் அக்காளுக்குக் கூழ் கொண்டுபோன மாடத்தி, முன்பக்கத்து வேப்பமரத்தடியில் தூக்குவாளியோடு நின்றிருந்தாள். அவளுக்கு அப்போது பாவாடை தடுக்குகிற வயது. படபடவென்று சத்தம் வந்தது. இரண்டு பெண்கள் எரிகிற சேலையோடு முன்வாசல் வழியாக வந்து விழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ராமுத்தாய் நிலைப்படிவரை வந்தாள். நிலை தீப்பிடித்து எரிந்தது. ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கினாள். திரும்பினாள். உள்ளே ஓடினாள்.

ரோட்டில் போனவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். வெளியே வரவேண்டியவள் தானாகத் திரும்பித் தீக்குள்ளே ஓடினாள். மறு வருசமே ஊர் வாயில் அது தீப்பாய்ந்ததாகிவிட்டது. தப்பி வந்த இரண்டு பேரில் ஒருத்தி ஆஸ்பத்திரியிலேயே போனாள். இன்னொருத்தி திருத்தங்கலுக்கு வாக்கப்பட்டுப் போய், அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறவளாக ஆனாள். களத்தில் போராக அடுக்கிக் கிடந்த சோளத்தட்டைப் படப்பும் அன்றைக்குச் சேர்ந்து எரிந்தது. மேலத்தெருவில் ரொம்ப நாள் அந்தப் படப்பு போன நட்டத்தைத்தான் பேசினார்கள்.

அடுத்த மழைக்காலம் முடிந்தபோது, ரூம் இருந்த இடத்தில் ஒரு கல் நின்றது. ஒரு பெண் உருவம், தூக்கிய வலது கை. யார் நட்டார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. மாடத்தியின் அப்பா சின்னச்சாமி அதற்கு முதன்முதலாகக் கூழ் படைத்தார். விளக்கு ஏற்றவில்லை. "தீயில போன பிள்ளைக்குத் தீயக் காட்டவா" என்றார். அன்றிலிருந்து அங்கே விளக்கு கிடையாது, சூடம் கிடையாது, மணி கிடையாது. கம்பெனிக்குப் போகிற பெண்கள் வெள்ளிக்கிழமை வருவார்கள். வளையலைக் கழற்றி வேப்பங்கொப்பில் மாட்டிவிட்டு, மரத்தடியில் வைத்திருந்த தொட்டித் தண்ணீரில் காலை நனைத்து, உள்ளங்கையைத் தரையில் பதித்துவிட்டுத்தான் கிட்டே போவார்கள். தீபாவளிக்கு அந்தப் பக்கம் ஒரு ஓலைவெடிகூடப் போட மாட்டார்கள். அவர்களுக்கு அவள் தீப்பாஞ்சம்மன். புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்தால் முதல் கும்பிடு அங்கேதான்.

மாடத்தி மட்டும் கும்பிட மாட்டாள். போவாள், தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், வருகிறவர்களோடு சண்டை போடுவாள். "அவ பாயல. பாஞ்சா பாஞ்சாங்கீகளே, ஒங்க வீட்டுல எவளாச்சும் பதினாறு வயசுல பாய்வாளா? பின்வாசலப் பாக்க ஓடுனா." இதை அவள் சொல்லிச் சொல்லி, கேட்கிறவர்களுக்கு அலுத்துப்போனது. எடுபடாத பேச்சுக்கு முட்டுக் கொடுக்க இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள். "இந்தக் கல்லு எங்கய்யா அடிச்சு வச்சது. அவ கையத் தூக்குனபடியே அடிக்கச் சொன்னாரு." அடுத்த சில வருசங்களில் அந்தக் கதைக்குள் சாத்தூரிலிருந்து ஒரு கல்தச்சரும் வந்து சேர்ந்தார். கடைசியில், அவர் உளி பிடித்திருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தது மாதிரி அவளுக்கு ஞாபகம் இருந்தது.

கூட்டம் பெருகியது. வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து லோடு வேனில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பெத்தணன் வந்தார். எழுபதை நெருங்குகிற வயது, இன்னும் வெள்ளை வேட்டி கசங்காத ஆள். இந்த அம்மன் தங்கள் வம்சத்து வீரசின்னம்மா என்றார். களவுக்கு வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த புருசனின் சிதையில், கையில் எலுமிச்சம்பழத்தோடு பாய்ந்தவளாம். கல்லுக்கு மேல் காங்கிரீட்டில் கருவறை கட்டி, யாகம் வளர்த்துக் கும்பாபிசேகம் செய்து, கருங்கல் பலகையில் வரலாறு வெட்டப்போகிறார்கள் என்று ஊர்க்கூட்டத்தில் அறிவித்தார். செல்வக்குமார் விழாக் கமிட்டியில் இருந்தான். அவன் ஓட்டிய வேனும் பெத்தணன் மகனுடையது.

அடித்தளத்துக்கு வானம் தோண்டுகிற அன்று மாடத்தி போய் கல்லுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏத்தா மாடத்தி, எந்திரி. நல்ல நேரம் போகுது" என்றார் பெத்தணன்.

"எங்கக்காளுக்குக் கெட்ட நேரம் வந்து எம்புட்டோ வருசமாச்சு. ஒங்களுக்கு இப்பத்தான் நல்ல நேரம் தெரியுதாக்கும்."

"அவ செத்தது பாவந்தான். யாரு இல்லேன்னாக? அதுக்காக எங்க குலசாமிய ஓலைவெடி கட்டுனவன்னு சொல்லுவியா?"

"ஓலைவெடி கட்டுனவதான். அவ கட்டுன வெடியத்தான் ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போட்டீக. மறந்துருச்சா?"

நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். பெத்தணன் சிரிக்கவில்லை. செல்வக்குமார் அவள் தோளைப் பிடித்தான்.

"யம்மா, ஊரு முன்னாடி என்னத்துக்கு இந்த அசிங்கம். சாமியாத்தான கும்பிடுறாக. பேரு எதுவா இருந்தா ஒனக்கென்ன?"

"கைய எடுலே. ஒனக்கு வேன் சாவி குடுத்தா ஒன் பெரியாத்தாளையும் எழுதிக் குடுத்துருவியோ?"

பெத்தணன்தான் வழி சொன்னார். விருதுநகரில் ஒரு காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற அழகுமீனா என்கிற டீச்சர், இந்தப் பக்கத்து நடுகல்லையெல்லாம் பார்த்து எழுதுகிறவர். அவர் வந்து பார்த்துச் சொல்லட்டும். அவர் சொல்வதைத்தான் பலகையில் வெட்டுவது. "சம்மதமா?" என்றார். மாடத்தி யோசிக்கவே இல்லை. "வரட்டும். படிச்ச கண்ணுக்கு எங்கக்கா கை தெரியாமலா போகும்?" கல்லின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அழகுமீனா பஸ்ஸில் வந்து இறங்கினார். குடை, ஒரு பை, அதற்குள் பெயின்ட் பிரசும் டார்ச்சும். பெத்தணன் வீட்டில் இலை போட்டிருந்தார்கள். வேலை முடிந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே வேப்பமரத்துக்குப் போனார். அதுவே மேலத்தெருவுக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லோரிடமும் முதல் கேள்வி ஒன்றுதான். "நீங்க பாத்தீங்களா, பாத்தவங்க சொல்லிக் கேட்டீங்களா?" ஊரில் பாதிப்பேர் அந்தக் கேள்வியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீரசின்னம்மாவைப் பற்றி யார் சொன்னது என்று கேட்டபோது பெத்தணன், "எங்கப்பா சொல்லுவாரு" என்றார். அப்பாவுக்கு யார் சொன்னது என்றபோது, "என்னம்மா, போலீஸ் ஸ்டேசன்ல கேக்குற மாதிரி கேக்குறீக" என்றார்.

மாடத்தியிடம் வந்தபோதும் அதே கேள்வி. அக்காள் திரும்பி ஓடியதைத் தானே பார்த்தது என்றாள். அழகுமீனா எழுதிக்கொள்ளாமல் அவள் முகத்தையே பார்த்தார்.

"அவங்க பின்வாசலுக்குத்தான் போனாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வேற எதுக்கு டீச்சரம்மா ஒரு ஆளு உள்ள ஓடுவா?"

"அது உங்க கணிப்பு. பாத்தது திரும்பினதை மட்டும். சரி, கல்லு?"

"எங்கய்யா வச்சது. சாத்தூர்த் தச்சரு வந்து, இந்தா இங்கன உக்காந்துதான் அடிச்சாரு. நான் பாத்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேங்கிறேன்ல. என்னயப் பொய்க்காரிங்கிறீகளா?"

அழகுமீனா கல்லுக்குப் போனார். சுற்றிலும் பூசியிருந்த மஞ்சளைக் கழுவி, பிரசால் தட்டி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். அடித்தளம் போடுவதற்காகக் கல்லைக் கடப்பாரையால் நெம்பி வைத்திருந்தார்கள். மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதியையும் குனிந்து விரலால் சுரண்டிப் பார்த்தார்.

சாயங்காலம் ஊரே வேப்பமரத்தடியில் கூடிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் வந்த பெண்கள் கையில் வெள்ளிப்பொடி அப்பியபடி இறங்கி அப்படியே நின்றார்கள். பெத்தணன் மனைவி பாண்டிலட்சுமி, ஆண்களுக்குப் பின்னால், மரத்தை ஒட்டி நின்றிருந்தாள்.

"இந்தக் கல்லு ரொம்பப் பழசு" என்று ஆரம்பித்தார் அழகுமீனா. "கொண்டையச் சரிச்சு முடிஞ்சிருக்கிற விதம், காதுல இருக்கிற நகை, தூக்கின கையில வளையலும் எலுமிச்சம்பழமும். கணவனோட தீயில இறங்கின பெண்ணுக்கு வைக்கிற கல்லு இப்படித்தான் இருக்கும். முந்நூறு வருசத்துக்குக் குறையாது. நாப்பது அம்பது வருசத்துக்குள்ள செதுக்கினதா இருக்க முடியாது."

கூட்டத்தின் ஒரு பக்கமிருந்து கைதட்டல் எழுந்தது. மேலத்தெரு இளவட்டம் ஒருவன் குரல் கொடுத்தான். "மாடத்தியக்கா, ஒங்கக்கா முந்நூறு வருசத்துக்கு முன்னாடியே பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருக்கு போல. போனசு குடுத்தாகளா?"

இந்தமுறை எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிப்பொடிக் கையை வாயில் பொத்திக்கொண்டு கம்பெனிப் பெண்களும் சிரித்தார்கள். செல்வக்குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாடத்திக்குக் காது அடைத்துப்போனது. சாத்தூர்த் தச்சர், அவர் உட்கார்ந்த இடம், உளி, எல்லாம் கண்முன்னாலேயே கரைந்துபோவது மாதிரி இருந்தது. அவர் கரைந்ததோடு நிற்கவில்லை. அவரோடு சேர்ந்து, நிலைப்படியில் கையைத் தூக்கிய ராமுத்தாயையும் யாரோ அழித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இன்னும் முடிக்கலை" என்றார் அழகுமீனா. சத்தத்துக்கு மேலே அவர் குரல் ஏறவில்லை. "கல்லு பழசு. ஆனா கல்லு இந்த இடத்துக் கல்லு இல்லை. இங்க செவல் மண்ணு. கல்லோட அடியில செதுக்குக்குள்ள ஒட்டியிருக்கிறது கரிசல். எங்கேயோ கரிசக்காட்டுல ரொம்ப காலம் நின்னு, அப்புறம் இங்க கொண்டுவரப்பட்டிருக்கு. அதுமட்டுமில்லை. தீப்பாஞ்ச அம்மனுக்கு எங்கேயும் விளக்குப் போடுவாங்க, வளையல் சாத்துவாங்க. இங்க வளையலக் கழட்டிட்டு வர்றீங்க. தரையில கைய வச்சிட்டு வர்றீங்க. இது கோயில் வழக்கம் இல்லை, பட்டாசு ரூம் வழக்கம். கல்லு யாருதா வேணா இருக்கட்டும், நீங்க கும்பிடுறது இந்த இடத்துல செத்த ஒரு தொழிலாளியத்தான்னு நினைக்கிறேன். அது என் கருத்து. கல்லைப் பத்திச் சொன்ன அளவுக்கு உறுதியா அதைச் சொல்ல மாட்டேன்."

கரிசல் என்று அவர் சொன்னபோது பெத்தணன் வேட்டி நுனியால் விசிறிக்கொண்டிருந்த கை ஒருமுறை நின்றது. அதற்குள் சமாளித்துக்கொண்டார்.

"போதும் டீச்சர். கல்லு முந்நூறு வருசம்னு சொல்லிட்டீக. உறுதியாச் சொன்னத எடுத்துக்கிருதோம். உறுதியில்லாதத ஒங்க காலேஜுல வச்சுப் பேசிக்கோங்க."

"ரெண்டையும் சேர்த்துதாங்க அர்த்தம். பாதிய மட்டும் பலகையில வெட்டக் கூடாது."

"எங்க சாமிக்கு எங்க பலகை. நாங்க வெட்டிக்கிருதோம்."

அந்த இடத்தில் மாடத்தி அழகுமீனாவின் பக்கம் போய் நின்றிருக்கலாம். கீழத்தெருவுக்காக அவ்வளவு தெளிவாக அந்த மரத்தடியில் யாரும் பேசியதில்லை. மாடத்தி காதில் அதில் ஒரு சொல்லும் விழவில்லை. கல் தன் அக்காளுடையது இல்லை என்று சொன்ன வாய் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

"எம்புட்டு வாங்குன?" என்றாள் டீச்சரைப் பார்த்து. "இலை போட்டாகளே, கறியா, மீனா?"

"நான் இன்னும் சாப்பிடலைம்மா."

"இனிமே போய்ச் சாப்பிடு. நல்லா நெறையச் சாப்பிடு. எங்கக்காளத் தின்ன வகுறுதான, அதுல எடம் இருக்கும்."

பெத்தணன் இப்போது மாடத்தியிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "ஒன்னு கேக்கேன், பதில் சொல்லு. பின்வாசல் இருந்துச்சுங்கற. அதத் தேடித்தான் ஓடுனாங்கற. அப்பறம் ஏன் அதுவழியா வரல? எட்டி வச்சா வெளிய. அம்புட்டு ஓடத் தெரிஞ்சவளுக்கு வெளிய வரத் தெரியலையா?"

மாடத்தி வாயைத் திறந்தாள். ஊர் காத்திருந்தது. குழாயடியில் யாரையும் நிற்கவிடாத அந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அத்தனை வருசமாக அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டவள் அவள். ஒவ்வொரு வீட்டிலும் எதிர்ச்சுவரைப் பார்த்ததெல்லாம் அந்தக் கேள்விக்காகத்தான்.

"வராததுக்குப் பேருதான் பாயிறது" என்றார் பெத்தணன். கூட்டம் கலைந்தது. அழகுமீனா சாப்பிடாமலே கடைசி பஸ்ஸுக்குப் போனார். கரிசலைப் பற்றிப் பேசியதற்காக மேலத்தெருவும், எலுமிச்சம்பழத்தைப் பற்றிப் பேசியதற்காகக் கீழத்தெருவும், அவரை பஸ் ஸ்டாப்புவரை கொண்டுபோய் விட ஆள் அனுப்பவில்லை.

கருவறை மளமளவென்று எழும்பியது. மூன்று பக்கம் சுவர், முன்னால் கிரில் கதவு. கொத்தனார்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் மாடத்தி பெத்தணன் வீட்டு வாசலுக்குப் போனாள். கையைத் தரையில் பதித்துவிட்டு எதிர்ச்சுவரைப் பார்த்தாள். நடுக்கூடத்தைத் தாண்டித் தோட்டத்து வாசல் திறந்து கிடந்தது. இருந்தும் உள்ளே போகவில்லை. அந்த வீட்டுக்குள் அவளை யாரும் கூப்பிட்டதும் இல்லை.

"ஒங்க ஆத்தாளாவே இருக்கட்டும்" என்றாள். "வீரசின்னம்மானே வெட்டிக்கோங்க. நான் இனி வாயத் தொறக்கல. ஒன்னே ஒன்னு. பின்சுவத்துல ஒரு வாசல் வச்சுருங்க."

பெத்தணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "கருவறைக்குப் பின்வாசலா?"

"சின்னதாப் போதும். ஒரு ஆளு குனிஞ்சு வார மாதிரி."

"சாமி எதுக்குத்தா பின்வாசல் வழியா வெளிய போகணும்? வீட்ட விட்டு ஓடிப்போற பொம்பளையா அது?" சொல்லிவிட்டுப் பேப்பரை மடக்கினார். "போ. இனிமே இந்த வாசலுக்கு வராத."

பாண்டிலட்சுமி சொம்பில் மோர் கொண்டுவந்தாள். மாடத்தி வாங்கவில்லை. அவள் தெரு முனையைத் தாண்டும்வரை பாண்டிலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள்.

கும்பாபிசேகத்தன்று யாகசாலையில் நெய் ஊற்றித் தீ வளர்த்தார்கள். அந்த இடத்தில் நாற்பத்தைந்து வருசத்துக்குப் பிறகு எரிகிற முதல் தீ. கம்பெனிப் பெண்கள் பழக்கத்தில் வளையலைக் கழற்றி மாட்டிவிட்டு, தீயைப் பார்த்ததும் வேப்பமரத்தைத் தாண்டி வராமல் நின்றார்கள். மைக்செட்டில் வீரசின்னம்மாவின் வரலாறு ஓடியது. கல்வெட்டு ஆய்வாளர் உறுதி செய்த முந்நூறு ஆண்டுப் பழமை என்று அந்தக் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. மாடத்தி தொட்டியில் குடத்தை முக்கி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். தீர்த்தக் குடம் என்று நினைத்து ஆட்கள் வழிவிட்டார்கள். யாக குண்டத்துக்கு முன்னால் வந்து நின்று, குடத்தை அப்படியே கவிழ்த்தாள்.

புகையும் சாம்பலும் பந்தல் உயரத்துக்கு எழும்பின. மந்திரம் நின்றது. யாரோ அவள் கொண்டையைப் பிடித்தார்கள், யாரோ முதுகில் அறைந்தார்கள். மாடத்தி திமிறவில்லை. அணைந்ததா என்று குண்டத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவளை இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துப்போனவன் செல்வக்குமார்.

"யம்மா, நீ செத்துத் தொலஞ்சாத்தான் எனக்கு இந்த ஊர்ல மரியாத" என்றான்.

"பாஞ்சிருவேன்னு நெனைக்கியோ?" என்றாள் மாடத்தி. "நான் பாய மாட்டேன்லே. எங்க வம்சத்துல எவளும் பாயல."

புதுத் தீ மூட்டிக் கும்பாபிசேகம் நடந்தது. பலகையில் எழுத்து வெட்டி முடித்துத் தங்கப் பொடி பூசினார்கள். மாடத்தியோடு கொடுக்கல் வாங்கல் கூடாது, நல்லது கெட்டதுக்குச் சொல்லக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. செல்வக்குமார் இசைவாணியைக் கூட்டிக்கொண்டு திருத்தங்கலுக்கு வாடகை வீட்டுக்குப் போனான். மாடத்தி தனியாக இருக்கிறாள். கோயிலுக்குப் போவதில்லை. கருவறையில் இப்போது இரண்டு வேளையும் விளக்கு எரிகிறது. கம்பெனிக்குப் போகிற பெண்கள் கிரில் கதவுவரை போகாமல், வேப்பமரத்தடியிலேயே கையைப் பதித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். அவர்களிடம் ஏன் என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியாது. தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு தெரியவந்த ஒன்று உண்டு. மறு வருசம் ஆடியில் இருக்கன்குடிக் கோயில் கூட்டத்தில் பாண்டிலட்சுமி அழகுமீனாவை அடையாளம் கண்டு, ஆற்றுமணலில் ஒதுங்கி உட்கார்ந்து சொன்னது. அவள் மாமியார், பெத்தணனின் ஆத்தாள் முத்துமாரியம்மாள், சாகிறதுக்கு முன்னால், வாய் குளறுகிற காலத்தில், மருமகளிடம் மட்டும் சொல்லி அழுதது அது. கரிசக்காட்டு வரப்பில் தலைமுறை தலைமுறையாக நின்ற வீரசின்னம்மா கல்லை ஆள் வைத்துப் பெயர்த்துப் பொட்டலில் நட்டது அந்த மாமியார்தான். தன் குலசாமியைக் கொண்டுவந்து அந்தப் பிள்ளைக்குக் காவல் வைத்தாளாம்.

ஏன் என்று அழகுமீனா கேட்டிருக்கிறார்.

"இதச் சொல்றதுல எனக்கு என்ன கெடைக்கப் போகுது டீச்சர், இருக்கிற வீடும் போகும்" என்று சொல்லிவிட்டு பாண்டிலட்சுமி மீதியையும் சொன்னாள். ரூம் தீப்பிடித்த அன்று காலையில்தான் அந்த வீட்டுக்காரர்கள் சோளத்தட்டையை வண்டியில் அடித்துக்கொண்டுவந்து களத்தில் படப்புப் போட்டார்கள். களத்தில் இடம் போதவில்லை என்று பட்டாசு ரூமின் பின்சுவரை ஒட்டி, சாத்திக் கிடந்த பின்வாசலை முழுக்க மூடி, நிலைக்கு மேலே ஆள் உயரத்துக்கு ஏற்றினார்கள். கீழேயிருந்து கட்டுகளைத் தூக்கித் தூக்கிப் போட, படப்பின்மேல் நின்று, சரியாமல் இருக்க மிதித்து மிதித்து இறுக்கியது அப்போது கல்யாணமாகாத இளவட்டமாக இருந்த பெத்தணன்.